14 மாதக் குழந்தை, நாலரை வயதுக் குழந்தையோடு வெப்பத் தீவுக்கு ஒரு வாரம்: எதை முதலில் முடிவு செய்வது?

செம்பருத்தி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள். பெரியவளுக்கு நாலரை வயது. சின்னவனுக்கு 14 மாதம், எடை 10 கிலோ. ஏழு இரவுகள் தங்க நினைக்கிறோம். தீவு இன்னும் முடிவாகவில்லை. விமானப் பயணம் ஐந்து ஆறு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். எந்தத் தீவு, எந்த மாதம், எந்த மாதிரி அறை, என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்லுங்கள். "குழந்தைகளுக்கு ஏற்றது" என்று எல்லா ரிசார்ட்டும் போட்டுக்கொள்கிறது, அதை நம்ப முடியவில்லை.

பாய்மரம் எழுதியது:

தீவைத் தேடுவதற்கு முன் மாதத்தை முடிவு செய்யுங்கள். பள்ளி விடுமுறை எப்போது என்று தெரிந்துவிட்டால் பாதித் தீவுகள் தானாகவே கழிந்துவிடும்.

மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, மழையைவிடக் கடல் கொந்தளிப்புதான் அப்போது தொந்தரவு. இலங்கையில் ஒரே தீவுக்குள் இரண்டு கணக்கு: தெற்கு, தென்மேற்குக் கரைகளுக்கு டிசம்பர் முதல் மார்ச், கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர். தாய்லாந்திலும் அப்படித்தான். புக்கெட் மே முதல் அக்டோபர் வரை நனையும், கோ சமூய் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நனையும். பாலியில் நவம்பர் முதல் மார்ச் வரை மழை. மொரிஷியசில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். கரீபியன் பக்கம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம், அதிலும் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை உச்சம்.

அடுத்தது கரை. ஒரே தீவில் ஒரு பக்கம் குளம் மாதிரி இருக்கும், மறுபக்கம் அலை ஆளைத் தூக்கிப் போடும். ஹவாயில் குளிர்காலத்தில் வடக்குக் கரை அலைகளில் பெரியவர்களே இறங்கக் கூடாது, தெற்குக் கரை அதே நாளில் சாதுவாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது காற்று மறைந்த பக்கம், அதோடு பவளத்திட்டு அலையை வெளியிலேயே உடைத்துவிடும் ஆழமில்லாத லகூன், அதாவது திட்டுக்கும் கரைக்கும் நடுவில் அடங்கிக் கிடக்கும் தண்ணீர். ரிசார்ட் போடும் படங்களைப் பார்க்காதீர்கள். செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, கரைக்கும் திட்டுக்கும் நடுவில் வெளிர்நீலம் எவ்வளவு அகலம், அலை உடையும் வெள்ளைக்கோடு எங்கே என்று பாருங்கள். வெள்ளைக்கோடு கரையிலேயே இருந்தால் அந்த இடம் 14 மாதக் குழந்தைக்கு இல்லை.

மூன்றாவதாக, விமான நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். வீட்டு வாசலிலிருந்து அறை வாசல் வரை எத்தனை மணி நேரம் என்று கூட்டுங்கள். வீட்டிலிருந்து கிளம்பி விமானம் ஏறும் வரை நாலு மணி நேரம், ஐந்து மணி நேர விமானம், இறங்கி இரண்டு மணி நேரக் காத்திருப்பு, பிறகு ஒரு மணி நேரப் படகு என்றால் அது பன்னிரண்டு மணி நேரப் பயணம். பத்துக்கு மேல் போனால் அடுத்த நாளும் குழந்தைகளுக்குப் போய்விடும்.

அலைகடல் எழுதியது:

பாய்மரம் சொன்ன அந்தக் கடைசித் துண்டுதான் நிறையப் பேர் கோட்டை விடுவது. விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சீப்ளேன், அதாவது தண்ணீரில் இறங்கும் சிறு விமானம், பகல் வெளிச்சத்தில்தான் பறக்கும். மாலத்தீவு என்றால் பொதுவாகப் பிற்பகல் மூன்றரை மணிக்குள் தரையிறங்கினால்தான் அன்றே தீவுக்குப் போகலாம். அதற்குப் பிறகு இறங்கினால் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இரவு தங்க வேண்டும், அந்தச் செலவு உங்களுடையது. உள்ளே கழிப்பறை கிடையாது, இரைச்சல் அதிகம். இரண்டு குழந்தைகளுக்கும் காதை மூடும் ஹெட்போன் மாதிரியான ஒலித்தடுப்பான் வாங்கி, வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். பொட்டி எடை அளவும் பெரிய விமானத்தைவிடக் குறைவு, வழக்கமாக 20 கிலோவும் கைப்பை 5 கிலோவும். ஸ்ட்ரோலரை அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள்.

ஸ்பீட்போட் எந்த நேரமும் ஓடும், ஆனால் அலை மேல் ஏறி இறங்கும்போது தட்டும் தட்டு கடுமையாக இருக்கும். முன்பக்கம்தான் அதிகம் தூக்கி அடிக்கும். பின்பக்கம், நடுவில், குழந்தை உங்கள் நெஞ்சோடு ஒட்டி இருக்கும்படி உட்காருங்கள். கழுத்து நிற்காத கைக்குழந்தையை வேகப் படகில் ஏற்றவே கூடாது. கடல் பொதுவாகக் காலையில் அடங்கி, மதியத்துக்கு மேல் காற்று ஏறும். தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால் காலைப் படகு.

லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். 10 கிலோ எடைக்கு ஏற்றது இருக்கிறதா என்று கேளுங்கள். பல படகுகளில் பெரியவர்களுடையது மட்டும்தான் இருக்கும், அதைச் சின்னவனுக்குப் போட்டால் தண்ணீரில் விழுந்ததும் தலைக்கு மேலே கழன்றுவிடும். சொந்தமாக ஒன்று கொண்டு போவது நல்லது. எடை அளவு அச்சிட்டிருக்க வேண்டும், கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் பட்டை வேண்டும், தொடைகளுக்கு நடுவே வரும் வார் வேண்டும். போட்டுவிட்டுத் தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். தாடையும் காதும் உள்ளே போனால் அது பெரியது.

படகில் வரும் குமட்டலுக்கு மருந்து கொடுப்பது பற்றிக் குழந்தை மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். வழக்கமான வாந்தி, மயக்க மருந்துகள் பலவும் இரண்டு வயதுக்குக் கீழ் கூடாது. பெரியவளுக்கு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன் லேசான சாப்பாடு, படகில் போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்க்க வைப்பது, இவ்வளவே பாதி வேலையைச் செய்துவிடும்.

செம்பருத்தி எழுதியது:

மிக்க நன்றி. இரண்டு கேள்விகள். மூன்று இரவு ஒரு தீவு, நாலு இரவு இன்னொரு தீவு என்று பிரிக்கலாமா? தண்ணீர் மேலே கட்டிய வில்லா பார்க்க ஆசையாக இருக்கிறது, இந்த வயதுக் குழந்தைகளோடு தங்கலாமா?

தாழம்பூ எழுதியது:

இரண்டுக்குமே என் பதில் வேண்டாம் என்பதுதான்.

தீவு மாறும் நாள் ஒரு முழு நாளைத் தின்னும். காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த இடத்தில் மதியம் மூன்று மணிக்குத்தான் அறை கிடைக்கும். சின்னவன் மதியத் தூக்கம் தூங்கும் நேரம் சரியாக அந்த நடுவில் விழும். வந்த நாள், போகும் நாள், மாறும் நாள் மூன்றும் கழிந்தால் மிச்சம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அதோடு புது அறையில் குழந்தை சரியாகத் தூங்க இரண்டு இரவு ஆகும். மூன்றாம் நாள் பழகும்போது மறுபடி கிளப்புகிறீர்கள்.

தண்ணீர் வில்லாவில் அறையிலிருந்து கடலுக்கு நேராகப் படி இறங்கும், தளத்தின் ஓரத்தில் பல இடங்களில் தடுப்பே கிடையாது. இதனால்தான் பல ரிசார்ட்டுகள் சிறு குழந்தைகளை அங்கே ஏற்பதில்லை. தனி நீச்சல்குளம் உள்ள வில்லாவும் எனக்குச் சம்மதமில்லை. கடலைவிட அதுதான் ஆபத்து, ஏனென்றால் தண்ணீருக்குப் போகிறோம் என்ற எண்ணம் இல்லாமல் பெட்டி பிரித்துக்கொண்டிருக்கும் பத்து நிமிடத்தில்தான் குழந்தை கதவைத் தாண்டும்.

நீங்கள் எடுக்க வேண்டியது தரைத்தள அறை, முன்னால் மரநிழல், கடலுக்கு நடந்து 50 முதல் 100 மீட்டர், கட்டிலையும் தொட்டிலையும் பிரிக்கும் ஒரு சுவர் அல்லது திரை. அந்தத் திரை இல்லாவிட்டால் இரவு ஏழரைக்குக் குழந்தை தூங்கியதும் நீங்கள் இருவரும் இருட்டில் உட்கார்ந்திருப்பீர்கள்.

முன்பதிவுக்கு முன் மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்:

- கதவில் பெரியவர் உயரத்தில் தாழ்ப்பாள் உண்டா?
- பால்கனிக் கம்பிகளின் இடைவெளி 10 செ.மீ.க்குக் குறைவா? ஏறி நிற்கும்படி நாற்காலி, மேசை இருந்தால் எடுத்துவிடுவார்களா?
- நீச்சல்குளத்தைச் சுற்றி வேலியும் தானாக மூடும் கேட்டும் உண்டா? குழந்தைகள் குளத்தின் ஆழம் எவ்வளவு?
- தொட்டில் உண்டா? அடிமெத்தை உறுதியாகவும், விளிம்போடு இடைவெளி இல்லாமலும் இருக்குமா?
- மருத்துவர் தீவிலேயே இருக்கிறாரா? குழந்தை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு இரவில் எப்படி, எவ்வளவு நேரத்தில் போவது?
- அறையில் ஃபிரிட்ஜ், கெட்டில் உண்டா?

கடைசிக்கு முந்தைய கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

முத்துச்சிப்பி எழுதியது:

தாழம்பூவோடு ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பெரிய தீவாக இருந்தால், இலங்கை, பாலி, மொரிஷியஸ் மாதிரி, தரைவழியாக இரண்டு மணி நேரத்துக்குள் இடம் மாற்றுவது நடக்கக்கூடியதே. வண்டியில் குழந்தை தூங்கும் நேரத்தில் கிளம்பினால் சரியாகிவிடும். ஆனால் அதற்கு வண்டியில் குழந்தை இருக்கை வேண்டும். வாடகை வண்டிகளில் கேட்டால் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வார் அறுந்தோ கொக்கி உடைந்தோ இருக்கும். விமானத்துக்கு அனுமதி பெற்ற சொந்த இருக்கையைக் கொண்டு போனால் விமானத்திலும் வண்டியிலும் பயன்படும். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மோதலில் 10 கிலோ குழந்தையை யார் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

படகில் மாறும் இடம் என்றால் தாழம்பூ சொன்னதுதான் சரி.

பாய்மரம் எழுதியது:

முத்துச்சிப்பி, நாலு நாள் ஐந்து நாள் ஓரிடம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். மூன்று நாள் வேண்டாம்.

விமானம் பற்றி: இரண்டு வயது முடியாத குழந்தை மடியில் வரலாம், பன்னாட்டு விமானங்களில் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு. திரும்பும் தேதிக்குள் இரண்டு வயது முடிந்துவிட்டால் திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும். இதை நிறையப் பேர் கவுண்டரில்தான் கண்டுபிடிக்கிறார்கள். தொங்குதொட்டில் முன்சுவர் இருக்கைகளில் மட்டும்தான் இருக்கும், எடை வரம்பு விமானத்துக்கு விமானம் மாறும். உங்கள் பையன் 10 கிலோ என்பதால் பெரும்பாலும் வரம்பை ஒட்டி நிற்பான், அதை நம்பிப் போகாதீர்கள்.

தாய்ப்பால், பால் மாவுக்கான தண்ணீர், குழந்தை உணவு, மருந்து இவை கைப்பைத் திரவங்களுக்கான 100 மி.லி. விதிக்கு வெளியே பொதுவாக அனுமதிக்கப்படும். பையிலிருந்து தனியே எடுத்து, கேட்பதற்கு முன்பே காட்டுங்கள்.

காது வலி இறங்கும்போதுதான் வரும். தரையிறங்க அரை மணி நேரத்துக்கு முன்பே இறக்கம் தொடங்கிவிடும், சக்கரம் வெளியே வரும் சத்தத்துக்காகக் காத்திருந்தால் தாமதம். தூங்கும் குழந்தையை எழுப்பி ஏதாவது உறிஞ்ச வையுங்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைவு, அதனால்தான் எழுப்ப வேண்டும் என்கிறேன். பெரியவளுக்குத் தண்ணீர், உறிஞ்சுகுழல். காதுத் தொற்று இருந்தால் பறக்கும் முன் மருத்துவர் பார்க்கட்டும்.

ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட். பல நாடுகள் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்கும், குழந்தைப் பாஸ்போர்ட் குறைந்த ஆண்டுகளுக்குத்தான் கொடுப்பார்கள் என்பதால் இது சீக்கிரம் முடிந்திருக்கும். பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதம், பிறப்புச் சான்றிதழ் நகல்.

நிலாமுற்றம் எழுதியது:

மருந்துப் பை பற்றி எழுதுகிறேன். ஆறு முதல் எட்டு வாரம் முன்பே குழந்தை மருத்துவரைப் பாருங்கள், தட்டம்மைத் தடுப்பூசி விட்டுப் போயிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஆறு முதல் பதினோரு மாதக் குழந்தைகளுக்குப் பயணத்துக்காக முன்கூட்டியே ஒரு தவணை போடச் சொல்வதுண்டு. உங்கள் பையன் அந்த வயதைத் தாண்டிவிட்டான்.

பாரசிட்டமால் சிரப்பை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், அட்டைப் பெட்டியோடு. காரணம், நாட்டுக்கு நாடு அதன் செறிவு மாறும். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. அளவை மி.லி.யில் மனப்பாடம் செய்தவர்கள் அங்கேதான் தப்பு செய்கிறார்கள். ஒரு தடவைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. வரை என்பது கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. அது முதல் வகைச் சிரப்பில் 6.25 மி.லி., இரண்டாவது வகையில் 3 மி.லி. தான். பழக்கதோஷத்தில் 6 மி.லி. ஊற்றினால் இரண்டு மடங்கு. 4 முதல் 6 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. ஊசியில்லாத மருந்துக் குழல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், டீஸ்பூனை நம்ப வேண்டாம்.

டெங்கு உள்ள வெப்பத் தீவுகளில் காய்ச்சல் வந்தால் இபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் அது இரத்தக்கசிவைக் கூட்டும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு எந்தக் காய்ச்சலிலும் கூடாது.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொட்டலம் குறைந்தது ஆறு. பொட்டலத்தில் போட்டிருக்கும் தண்ணீர் அளவை மாற்றாமல் கரைக்க வேண்டும். குறைவான தண்ணீரில் கரைத்தால் உப்பு கூடிப் பிரச்சினை பெரிதாகும். ஒவ்வொரு முறை நீராகப் போன பிறகும், இரண்டு வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஆறேழு மணி நேரம் டயப்பர் நனையவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, கண் குழிந்திருக்கிறது, துவண்டு கிடக்கிறான் என்றால் அறையில் வைத்து வைத்தியம் பார்க்காமல் கிளம்புங்கள்.

காப்பீட்டில் "மருத்துவ இடமாற்றம்" இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். சிறு தீவிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டு போகும் செலவுதான் குடும்பத்தை முடக்கும். மாத்திரைச் செலவு அல்ல.

கலங்கரை எழுதியது:

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாத் தவறுக்கும் இரண்டாவது வாய்ப்பு உண்டு.

மூழ்கும் குழந்தை கத்தாது, கை ஆட்டாது. உடல் நிமிர்ந்து நிற்கும், தலை பின்னால் சாயும், வாய் நீர்மட்டத்தில் மேலே கீழே போகும், ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும். பக்கத்தில் இருப்பவர்கள் விளையாடுகிறது என்றுதான் நினைப்பார்கள். அதனால் சத்தம் கேட்டால் ஓடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இரண்டு குழந்தைகளும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், முழங்கால் ஆழமானாலும். "நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பெடுங்கள்: "இப்போது நான் பார்க்கிறேன்." பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதற்கு மேல் கவனம் சிதறும். பொறுப்பில் இருப்பவர் கையில் போன் இருக்கக் கூடாது.

நீச்சலுடை நிறம் முக்கியம். வெளிர்நீலம், வெள்ளை, சாம்பல் இவை தண்ணீருக்குள் காணாமல் போகும். பளிச்சென்ற ஆரஞ்சு, கடும் இளஞ்சிவப்பு எடுங்கள். கரையில் கூட்டத்திலும் உடனே தெரியும்.

லகூன் என்றால் முழுப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். கடல்மட்டம் உயரும் ஏற்றத்தில் திட்டைத் தாண்டி உள்ளே வந்த தண்ணீர், மட்டம் இறங்கும் வற்றத்தில் திட்டிலுள்ள வாய்க்கால் வழியாகத்தான் வெளியேறும். அங்கே ஆற்றோட்டம் மாதிரி இழுக்கும். வந்து இறங்கியதும் அங்கே வேலை செய்பவரிடம் "வாய்க்கால் எங்கே?" என்று கையால் காட்டச் சொல்லிக் கேளுங்கள். திறந்த கரையில், அலை உடையாமல் இருண்டு அமைதியாகத் தெரியும் பட்டைதான் இழுப்பு நீரோட்டம். பார்ப்பதற்கு அதுதான் இறங்க நல்ல இடம் போலத் தெரியும், ஏமாறக் கூடாது.

காற்றடைத்த மிதவை, வாத்து வளையம் எல்லாம் நீச்சல்குளத்தோடு சரி. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடித்தால் நீங்கள் நீந்தும் வேகத்தைவிட அது வேகமாகப் போகும். குளித்து முடித்ததும் பொம்மைகளைக் குளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மிதக்கும் பொம்மையை எட்டப் போய்த்தான் குழந்தை விழும்.

மணலில் ஆழம் குறைந்த இடத்தில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், திருக்கை விலகிப் போய்விடும். இரண்டு பேருக்கும் அடிப்பகுதி தடித்த கடல் செருப்பு. கல்மீன் முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால் சூடான நீரில், அதிகபட்சம் 45 டிகிரி, முக்கி வைக்க வலி இறங்கும். முதலில் பெரியவர் தன் கையை விட்டுச் சூடு பார்க்க வேண்டும், வலியில் இருக்கும் குழந்தைக்குச் சுடுவது தெரியாது. பிறகு மருத்துவர். ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல் நீரால் அலசி, ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியால் எடுங்கள். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே உதவி. வினிகர் ஊற்றலாமா என்பது அந்தக் கடலில் எந்த வகை என்பதைப் பொறுத்தது, உயிர்காப்பாளரைக் கேளுங்கள். பவளம் கீறிய காயத்தை நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு துகள் போகக் கழுவுங்கள். சின்னக் கீறல்தானே என்று விட்டால் புண்ணாகிவிடும்.

கிளம்பும் முன் பெற்றோர் இருவரும் குழந்தைகளுக்கான சிபிஆர் (மூச்சும் இதயமும் நின்றால் செய்யும் முதலுதவி) பயிற்சி எடுத்துவிடுங்கள். தண்ணீரில் மூழ்கிய குழந்தைக்கு மூச்சும் கொடுக்க வேண்டும், நெஞ்சை அழுத்துவது மட்டும் போதாது.

செம்பருத்தி எழுதியது:

கலங்கரை, படிக்கும்போதே கை சில்லிட்டது, ஆனால் அவசியமானது. பெரியவளுக்குக் கையில் மாட்டும் காற்றுப் பட்டை வைத்திருக்கிறோம். முகம் முழுக்க மூடும் ஸ்நார்கல் முகமூடியும் கேட்கிறாள். வாங்கலாமா?

கலங்கரை எழுதியது:

கைப்பட்டை விளையாட்டுச் சாமான், பாதுகாப்புச் சாதனம் அல்ல. நழுவும், காற்று இறங்கும். அதைவிட, பெற்றோருக்கு ஒரு பொய் நிம்மதி கொடுக்கும். அவளுக்கு எடைக்கேற்ற லைஃப் ஜாக்கெட் போடுங்கள்.

முழு முகமூடி வேண்டாம். உள்ளே காற்றிடம் பெரிது, குழந்தையின் மூச்சளவு சிறிது, அதனால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். திடீரென்று கழற்றவும் அவளால் முடியாது. நாலரை வயதுக்கு நீச்சல் கண்ணாடியும், அடிப்பக்கத்தைத் தண்ணீரில் அழுத்தி மேலிருந்து பார்க்கும் அடிக்கண்ணாடி வாளியும் போதும். முழங்கால் ஆழத்தில் நின்றே மீனைப் பார்க்கலாம்.

தாழம்பூ எழுதியது:

வெயிலுக்கு வருகிறேன். நிலநடுக்கோட்டுத் தீவுகளில் மதியம் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம். நிழலில் இருந்தாலும் காய்ந்த மணல் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும். மெல்லிய மேகம் தடுப்பதில்லை. குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க எளிய வழி: உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் உள்ளே போக வேண்டும்.

முதல் காவல் துணி. முழுக்கை, முழங்கால் வரை வரும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூபிஎஃப் 50 நீச்சலுடை, கழுத்தை மறைக்கும் தொப்பி. சன்ஸ்கிரீன் துணி மறைக்காத இடத்துக்குத்தான். எஸ்பிஎஃப் 30க்கு மேல், துத்தநாக ஆக்சைடு உள்ளது, வெளியே போக 20 நிமிடம் முன்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, தண்ணீரிலிருந்து வந்து துடைத்ததும் மறுபடியும். காது மடல், கால் மேற்புறம், முழங்கால் பின்புறம் இவைதான் எல்லோரும் மறப்பது. ஆறு மாதத்துக்குக் கீழ் என்றால் சன்ஸ்கிரீனைவிட நிழலும் துணியும்தான் வழி. ஹவாயில் 2021 முதல் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீனை விற்க முடியாது. பலாவ் 2020இலேயே பவளத்துக்குத் தீங்கான வகைகளைத் தடை செய்தது. துத்தநாகம் எடுத்தால் இந்தக் கவலை இல்லை.

ஸ்ட்ரோலரைத் துணி போட்டு மூடாதீர்கள். மெல்லிய துணியானாலும் காற்று நின்று உள்ளே சூடு ஏறும். குடை கட்டுங்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

தாழம்பூவைத் தொடர்ந்து கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும், விடிந்ததும் பொழுது சாயும் முன்னும் அதிகம். ராத்திரி வலை மட்டும் போதாது, மதியத் தூக்கத்துக்கும் வலை. டீட் (DEET) என்ற கொசுவிரட்டிப் பொருள் 20 முதல் 30 சதவீதம் உள்ள மருந்தை இரண்டு மாத வயதுக்கு மேல் பூசலாம். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் வகை மூன்று வயதுக்குக் கீழ் கூடாது, ஆகவே உங்கள் பையனுக்கு ஆகாது. உங்கள் கையில் ஊற்றிப் பூசுங்கள், அவன் கையில் வேண்டாம், வாயில் வைப்பான். முதலில் சன்ஸ்கிரீன், காய்ந்ததும் கொசு மருந்து. இரண்டும் கலந்த குப்பியை வாங்காதீர்கள். சன்ஸ்கிரீனை அடிக்கடி பூச வேண்டும், கொசு மருந்தை அப்படிப் பூசக் கூடாது.

முத்துச்சிப்பி எழுதியது:

பெட்டியில் மறக்கக் கூடாதவை சில. நீச்சல் டயப்பர் மலத்தை மட்டும்தான் தடுக்கும், சிறுநீரைத் தடுக்காது. விமான நிலையத்திலிருந்தே போட்டுக்கொண்டு போனால் இருக்கை நனையும், தண்ணீரில் இறங்கும்போது மாட்டுங்கள். வயிற்றுப்போக்கு இருந்தால் குளத்தில் இறக்கவே வேண்டாம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரின் தண்ணீரிலும் பல நாள் உயிரோடு இருக்கும்.

சாதாரண டயப்பர் நாளுக்கு எட்டு வீதம் முதல் மூன்று நாளுக்கு, மிச்சம் அங்கே கிடைக்குமா என்று முன்பே கேட்டுக்கொண்டு. பால் மாவு மட்டும் முழு வாரத்துக்கும் கொண்டு போங்கள், புது வகை மாற்ற இது நேரமில்லை. நீர்புகாப் பை ஒன்று, கதவிடுக்கில் ஒட்டும் தடுப்பான், பிளக் மூடிகள், ஜன்னலை இருட்டாக்கும் துணி, அதை ஒட்ட நாடா. வெப்பத் தீவில் விடியல் ஆறு மணிக்கே வந்துவிடும்.

செம்பருத்தி எழுதியது:

எல்லாவற்றையும் வைத்து ஒரு திட்டம் போட்டேன். ஒரே தீவு, ஏழு இரவு, காலை விமானம். தினமும் 7 முதல் 9.30 வரை கடல், 11.30 முதல் 2 வரை தூக்கம், 4 மணிக்கு மறுபடி கடல். கணவர் ஸ்கூபா டைவிங் போக ஆசைப்படுகிறார், அதைக் கடைசி நாள் காலையில் வைத்திருக்கிறோம், மதியம் விமானம். சரியா?

அலைகடல் எழுதியது:

டைவிங்கை உடனே மாற்றுங்கள். ஒரே ஒரு முறை இறங்கினால் பறப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரம், பல முறை அல்லது பல நாள் இறங்கினால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் உயரத்தில் குமிழியாகும். சீப்ளேனும் விமானம்தான். மூன்றாம் நான்காம் நாள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் போகும் அந்த மூன்று மணி நேரம் நீங்கள் தனியாக இரண்டு குழந்தைகளோடு இருப்பீர்கள், ஆகவே அன்று கடலும் குளமும் வேண்டாம், மணலும் நிழலும் போதும்.

கடல் நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள். ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். முதல் நாள் காலை ஏழரைக்குக் குளிக்கப் போதுமான தண்ணீர் இருந்தால், ஐந்தாம் நாள் அதே உயரம் பதினொன்றுக்குப் பக்கத்தில் வரும், அது சின்னவன் தூங்கப் போகும் நேரம். தண்ணீர் இறங்கிய காலையில் திட்டு வெளியே தெரியும், குளிக்க ஆகாது, ஆனால் தேங்கிய குட்டைகளில் நண்டும் சிப்பியும் பார்க்கப் பெரியவளுக்கு அதுதான் நல்ல நேரம். அந்தத் தீவின் ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். ஏழு நாளுக்கும் எடுத்து, ஏற்றம் வற்றம் இரண்டையும் உங்கள் திட்டத்துக்குப் பக்கத்தில் எழுதி இங்கே போடுங்கள், எந்தெந்த நாளில் எதை மாற்றலாம் என்று பார்ப்போம்.

செம்பருத்தி எழுதியது:

டைவிங்கை நான்காம் நாளுக்கு மாற்றிவிட்டோம். மருத்துவர் பற்றி ரிசார்ட்டிடமிருந்து பதில் வந்ததும் ஓத அட்டவணையோடு சேர்த்துப் போடுகிறேன்.